புகைப்படத்தில் நான்கு பேர்: பட்டாளத்துக்குப் போன சேக்காளிகளும் அவர்கள் விட்டுச் சென்ற ஊரும்

கேள்வி (சேரன்மகாதேவி வட்டாரத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மச்சில் கிடந்த தகரப் பெட்டியைச் சென்ற மாதம் திறந்தபோது, பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் 1942-ஆம் ஆண்டில் எடுத்த புகைப்படம் ஒன்று கிடைத்தது. அதில் நான்கு இளைஞர்கள் இருக்கிறார்கள். இருவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, மற்ற இருவர் பின்னால் நின்றபடி அவர்களுடைய தோள்களில் கை வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் இருபத்திரண்டு வயதைத் தாண்டியிருக்காது. அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் என் தாத்தா. அந்த நால்வரையும் ஊரில் யாரும் தனித்தனிப் பெயர் சொல்லித் தேடியதில்லை என்றும், 'சேக்காளிகள்' என்றாலே அவர்கள்தாம் என்றும் என் தந்தை சொல்கிறார்.

அந்தப் படம் எடுத்த சில நாட்களில் நால்வரும் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். பர்மா எல்லைப் பக்கம் சாலையும் பாலமும் போடும் பிரிவில் வேலை. ஒருவர் இறந்துவிட்டதாக 1944-இல் தந்தி வந்தது. இன்னொருவரைக் காணவில்லை என்று கடிதம் வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. என் தாத்தாவும் நான்காமவரும் 1946-இல் ஊர் திரும்பினார்கள். திரும்பி வந்த அந்த இருவரும், 1986-இல் தாத்தா இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகள் ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அவர்களுக்குள் வரப்புத் தகராறு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, பெண் எடுத்த வகையில் மனத்தாங்கலும் இல்லை.

என்னை இந்தக் கேள்விக்கு இழுத்து வந்தது வேறொரு செய்தி. ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்கு இருவரும் பாபநாசம் போவார்களாம். ஒருவர் ஏறிய பேருந்தில் மற்றவர் ஏறமாட்டார். படித்துறையிலும் தள்ளித் தள்ளியே நிற்பார்கள். ஆனால் தாமிரபரணியில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, தங்கள் முன்னோர் பெயர்களுக்குப் பிறகு இருவரும் அதே இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். சிறுவனாக உடன் சென்ற என் தந்தை இதைக் காதால் கேட்டிருக்கிறார்.

ஒன்றாகப் புறப்பட்டவர்களைப் போர் இப்படிப் பிரித்துவிடுமா? அவர்கள் திரும்பி வந்தபோது ஊர் அவர்களை எப்படி ஏற்றுக்கொண்டிருக்கும்? தங்கள் குடும்பத்தில் இத்தகைய அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (வள்ளியூர், ஓய்வுபெற்ற சுபேதார்)

தம்பி, உங்கள் தாத்தாக்களுக்குள் பகை இருந்தது என்று நான் நினைக்கவில்லை. என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நானும் என் தெருக்காரன் ஒருவனும் ஒரே நாளில் ஆள் எடுப்புக்குப் போய், ஒரே நாளில் தேறி, நீலகிரியில் உள்ள வெலிங்டனில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துப் பயிற்சி முடித்தவர்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டபோது இருவரும் அங்கே இருந்தோம். அமைதி காக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் எங்களைக் கப்பலேற்றினார்கள். அந்த மாதத்திலேயே அவன் போய்விட்டான். இலங்கைக்குப் போன எங்கள் படையில் 1990-இல் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் என் சேக்காளி.

விடுமுறையில் ஊருக்கு வந்ததும் முதலில் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா எப்படிச் செத்தான் என்று கேட்கவில்லை, வலித்ததா என்றும் கேட்கவில்லை. "எம் புள்ள கடைசியா என்னத்தய்யா தின்னான்?" என்று மட்டும் கேட்டார்கள். இரண்டு நாட்களாக நாங்கள் பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் கண்டிருக்கவில்லை. அதை அந்தத் தாயிடம் சொல்ல என் வாய் வரவில்லை. "கோழிக்கறியும் சோறும் தின்னான்" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அவன் நினைவு நாளில் அவர்கள் கோழி அடித்துக் குழம்பு வைத்து அவன் படத்துக்கு முன் படைத்தார்கள். படைத்ததில் ஒரு பங்கைத் தூக்குச் சட்டியில் என் வீட்டுக்கு அனுப்பினார்கள். பணியில் இருந்த காலத்தில் அந்தத் தேதிக்கு ஊரில் இல்லாதபடி விடுப்பை மாற்றிக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு மாற்ற வழியில்லை, தின்றேன். கடைத்தெருவுக்குப் போக அவர்கள் வீட்டு வழிதான் குறுக்கு வழி; நான் குளத்தங்கரையைச் சுற்றித்தான் போவேன். நான் ஏதோ பெரிய மனிதனாகிவிட்டதால் ஒதுங்கிப் போகிறேன் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். அந்த அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, இன்றும் என் கால்கள் குளத்தங்கரையைத்தான் பிடிக்கின்றன.

இது என் கதை. ஒரே பொய்யைச் சுமந்த இருவர், அல்லது ஒரே உண்மையைச் சுமந்த இருவர், எதிரெதிரே அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பது எளிதான செயலன்று. உங்கள் தாத்தாவும் அந்த நான்காமவரும், மற்ற இருவரும் இறந்த விதத்தை அறிந்தவர்கள். ஊரில் வேறு எவருக்கும் அது தெரியாது.

ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். படை எண் கிடைத்தால், அந்தந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மதராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், சாலையும் பாலமும் போடும் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. சாப்பர்ஸ் வீரர்களைப் படை முழுவதும் 'தம்பி' என்றே அழைப்பார்கள். பாலம் போட்ட கதையைக் கேட்டால் அவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உடல் கிடைக்காமல் போனவரின் பெயர் யாங்கூனுக்கு (அன்றைய ரங்கூன்) வடக்கே உள்ள போர்க் கல்லறை வளாகத்துத் தூண்களில் இருக்கக்கூடும். ஏறத்தாழ 27,000 பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன, இந்தியர் பெயர்களே மிகுதி. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

மறுமொழி 2 (வீரவநல்லூர், ஓய்வுபெற்ற செவிலியர்)

சுபேதார் அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியாமல் இருந்தேன். போனவர்களைப் பற்றி அவர் எழுதிவிட்டார். போகாமல் வீட்டில் இருந்த ஒருத்தியைப் பற்றி நான் எழுதுகிறேன்.

என் ஆச்சியின் அக்காவை நாங்கள் பெரியாச்சி என்று அழைப்போம். அவர்களுடைய கணவரும் அதே போரில் 'காணவில்லை' என்று அறிவிக்கப்பட்டவர். திருமணமாகி எட்டு மாதம்தான் சேர்ந்து வாழ்ந்தார்கள். இறந்தார் என்று வந்திருந்தால் அழுது, பதினாறாம் நாள் காரியம் முடித்து, வெள்ளைச் சேலையோ வேறொரு வாழ்க்கையோ ஏதோ ஒன்றை நோக்கிக் காலம் நகர்ந்திருக்கும். வந்த சொல் அப்படிப்பட்டதாக இல்லை. பெரியாச்சி தாலியைக் கழற்ற மறுத்துவிட்டார்கள். குங்குமம் வைப்பதையும் நிறுத்தவில்லை. அதனால் அவர்களை அமங்கலி என்று ஒதுக்கவும் ஊருக்கு வழியில்லை, சுமங்கலி என்று மணமேடைக்கு அழைக்கவும் மனம் வரவில்லை. நலங்கு வைக்கும் நேரத்தில் அவர்கள் தாமாகவே அடுக்களைக்குப் போய்விடுவார்கள். பந்திக்கு இலை போடும்போதுதான் வெளியே வருவார்கள்.

அவர்களோடு வாய்க்காலில் ஒன்றாகத் துணி துவைத்து, ஒன்றாகக் கும்மியடித்து வளர்ந்த பெண்கள் நால்வர் இருந்தார்களாம். ஒவ்வொருவருக்கும் பிள்ளை பிறந்து, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்து, பேச்செல்லாம் அதைப் பற்றியே ஆகிவிட்டது. யாரும் அவர்களை வெறுக்கவில்லை. பேச எதுவும் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். உங்கள் கேள்வியில் 'சேக்காளிகள்' என்று ஆண்களை மட்டும் சொன்னீர்கள், தம்பி. அந்தப் போர் பெண்களின் சேக்காளித்தனத்தையும் கலைத்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

மாலையில் கடைசிப் பேருந்து வந்து நிற்கும் ஓசை கேட்டால் பெரியாச்சி எழுந்து வாசல் விளக்கைத் தூண்டிவிடுவார்கள். மின்விளக்கு வந்த பிறகு சுவிட்சைப் போடுவார்கள். 1979-இல் அவர்கள் இறந்தபோது குங்குமம் வைத்து, பூ வைத்து, சுமங்கலியாகவே எடுத்துச் சென்றோம். சம்மதம் சொல்லச் சில பெரியவர்கள் தயங்கினார்கள். என் ஆச்சி தெருவில் இறங்கிச் சத்தம் போட்ட பிறகுதான் வழி விட்டார்கள்.

உங்கள் ஊரில் காணாமல் போனவருக்கு மனைவி இருந்தார்களா? இருந்திருந்தால், திரும்பி வந்த இருவரும் அவர்கள் முகத்தை ஒவ்வொரு நாளும் எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

மறுமொழி 3 (கோவில்பட்டி, வரலாற்று ஆசிரியர்)

அந்த ஆண்டைப் பற்றிச் சிறிது சொன்னால் படம் தெளிவாகலாம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது, மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது, ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்தது. இம்மூன்றும் திருநெல்வேலிச் சீமைக்குத் தொலைதூரச் செய்திகளாக இருக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் கொழும்பிலோ ரங்கூனிலோ மலேயாவிலோ இருந்த காலம் அது. பணவிடை நின்றது, பர்மா அரிசி நின்றது, அங்கிருந்தவர்கள் கால்நடையாக நடந்து வந்து சேர்ந்தார்கள். அந்த நிலையில் சோறும் சம்பளமும் தருகிற இடம் பட்டாளம்தான். கட்டாயச் சேர்ப்பு இல்லாமலேயே அப்போரில் இந்தியப் படை 25 இலட்சம் பேராகப் பெருகியது. விருப்பத்துடன் சேர்ந்தவர்கள் என்று நூல்கள் எழுதும். அந்த விருப்பத்துக்குள் எத்தனை காலி அடுக்குப்பானைகள் இருந்தன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தது. செப்டம்பரில் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். அவ்வழக்கில் காசிராஜன், இராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது குறைக்கப்பட்டு அவர்கள் விடுதலையானார்கள். ஒரே மாவட்டம், ஒரே வயது. ஒரு சாரார் சிறைக்குப் போனார்கள், ஒரு சாரார் அதே வெள்ளை அரசின் சீருடையில் பர்மாவுக்குப் போனார்கள். நாடு விடுதலை பெற்றதும் சிறை சென்றவர்களைத் தியாகி என்று ஊர் கொண்டாடியது. அது முறையே. 1972-இல் அவர்களுக்குத் தாமிரப் பட்டயமும் ஓய்வூதியமும் வந்தன. பர்மாவிலிருந்து வந்தவர்களை என்ன சொல்லி அழைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. போருக்கென்று எடுத்துப் போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்களுக்கு ஓய்வூதியத்துக்குரிய பணிக்காலமும் இருக்கவில்லை. பேசினால் 'வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டவன்தானே' என்ற ஒரு சொல் வந்து விழும். அதற்கு அஞ்சியே வாய் மூடிய பலரை என் இளமையில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் என் மனத்தில் நெடுநாளாக உண்டு. நம் பக்கத்தில் அகால மரணம் அடைந்தவரை நாம் சும்மா விடுவதில்லை. பீடம் எழுப்பி, கொடை என்னும் கோயில் விழா நடத்தி, வில்லுப்பாட்டில் அவர் கதையைப் பாடி, 'எங்கள் ஊரில் இருந்துகொள்' என்று வேண்டி இருத்திக்கொள்கிறோம். 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பாஞ்சாலங்குறிச்சியை மண்ணோடு மண்ணாக்கினார்கள். அங்கே விழுந்தவர்களை இன்றுவரை பாட்டில் வைத்திருக்கிறோம். பர்மாக் காட்டில் விழுந்தவனுக்குப் பீடம் இல்லை, கொடை இல்லை, அவனைப் பாடிய வில்லும் நான் கேட்டதில்லை. முதல் உலகப் போருக்குப் பின் இந்தியாவின் பல ஊர்களில் வெள்ளை அரசு கல்வெட்டுப் பதித்தது. அதிலும் 'இவ்வூரிலிருந்து சென்றவர் இத்தனை, உயிர் நீத்தவர் இத்தனை' என்ற எண்ணிக்கைதான் உண்டு, பெயர் இல்லை. எனவே பாபநாசத்துப் படித்துறையில் அந்த இரண்டு கிழவர்கள் சொன்ன பெயர்கள்தாம் அவர்களுக்கு நடந்த ஒரே கொடை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி, வருத்தப்பட வேண்டாம். புகைப்படத்தில் இருக்கும் நால்வரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களா?

மறுமொழி 4 (கோபாலசமுத்திரம், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்)

வணக்கம். நான் மன்னார்ப் பகுதியில் பிறந்தவன். 1990-இல் மீண்டும் சண்டை தொடங்கியபோது, பதினொரு வயதில் பெற்றோருடன் படகில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, இங்கே அனுப்பப்பட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்துவிட்டேன்.

நாங்கள் ஐந்து பேர் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்தவர்கள். படகேறிய இரவில் நான் அவர்களில் ஒருவனிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அப்பா கட்டளையிட்டிருந்தார். மறுநாள் வகுப்பில் என் இடம் காலியாக இருந்திருக்கும். 2009 மே மாதத்தில் போர் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகுதான் ஒருவர் மூலம் மற்றவராக விசாரித்து அறிந்தேன். மூவர் இல்லை. ஒருவன் பிரான்சில் இருக்கிறான், ஒரு முறை தொலைபேசியில் பேசினோம். இருவரும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டோம். மறுபடி அவனும் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. உங்கள் தாத்தாவைப் பற்றிப் படித்தபோது அந்த அழைப்பு நினைவுக்கு வந்தது.

சுபேதார் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இருந்த படை எங்கள் ஊர்ச் சந்தியிலும் காவலிட்டிருந்தது. அந்தப் படையால் வீட்டாரை இழந்தவர்கள் எங்கள் உறவில் உண்டு. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் எழுதினால் அது பொய்யாகும். எங்கள் வீட்டைச் சோதனையிட வந்தவர்களில் ஒருவர் தமிழர். நான் அழுததைப் பார்த்து, "பயப்படாதே தம்பி" என்றார். தமிழில் சொன்னதால் பயம் தெளிந்ததா, கூடியதா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் ஊரில் ஒரு சேக்காளி இருந்திருப்பான் என்று நேற்று உங்கள் பதிவைப் படித்தபோதுதான் முதன்முறையாக நினைத்தேன்.

மறுமொழி 5 (வள்ளியூர் சுபேதார்)

தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். கட்டளையிடும் இடத்தில் நான் இருந்ததில்லை; ஆனால் அப்படிச் சோதனையிட்ட வீடுகளுக்குள் நானும் பூட்ஸ் காலோடு நுழைந்திருக்கிறேன். உங்கள் உறவினர் பெயர்களை எனக்குச் சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சொல்ல விருப்பம் இல்லையென்றாலும் நான் ஒரு நாள் கோபாலசமுத்திரத்துக்கு வர எண்ணுகிறேன். நீங்கள் சரி என்றால் மட்டும் வருவேன்.

மறுமொழி 6 (கேள்வி எழுப்பியவர்)

எல்லோருடைய பதில்களையும் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். பெரியாச்சியைப் பற்றிக் கேட்டதும், எங்கள் ஊரில் காணாமல் போனவருக்குத் திருமணமாகவில்லை என்றார். ஆசிரியர் ஐயாவின் கடைசிக் கேள்வியைப் படித்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இரவு சாப்பிட்ட பிறகுதான் சொன்னார்.

ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள் இல்லை. மூவர் எங்கள் தெரு. நான்காமவர் கீழத்தெரு, வேறு சாதி. வாய்க்காலிலும் வயலிலும் ஒன்றாகத் திரிந்தவர்கள். வீட்டுக்குள் அவர் வந்ததில்லை. பர்மாவில் ஒரே தட்டில் தின்றார்கள். தாத்தாவுக்கு மலைக்காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் நடைத் தூரம் முதுகில் சுமந்து வந்தவர் அவர்தான். 1946-இல் ஊர் திரும்பிய மூன்றாம் நாள், பட்டாளத்தில் பழகிய பழக்கத்தில், அவர் நேராக வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். தாத்தாவின் அப்பா உள்ளேயிருந்து வந்து சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னார். அவர் எழுந்து, தாத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். இதை என் ஆச்சி தந்தையிடம் சொல்லியிருக்கிறார்கள். தாத்தா ஒருபோதும் சொன்னதில்லை. தேநீர்க் கடையில் அவருக்குத் தனி டம்ளர் இருந்தவரை தாத்தா அந்தக் கடையில் தேநீர் குடிக்கவில்லை என்பதை மட்டும் தந்தை கவனித்திருக்கிறார்.

சுபேதார் ஐயா எழுதியதும் மெய்யாகத்தான் இருக்கும். அந்த இருவரும் இறந்த விதத்தை இவர்கள் இருவர் மட்டுமே அறிந்திருந்தார்கள். அதைப் பேசிக்கொள்ள ஊரில் இருந்த ஒரே இடம் அந்தத் திண்ணை.

தாத்தாவைத் தகனம் செய்த அன்று, கன்னடியன் கால்வாயின் அக்கரையில் அவர் தனியாக நின்றிருந்தார். இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டியபடி, நெருப்புப் பிடித்து எரியும்வரை அசையவில்லை. கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிய என் தந்தை அவரைப் பார்த்தார், இக்கரைக்கு வாருங்கள் என்று அழைக்கவில்லை. முப்பது வயதில் அதற்குத் தைரியம் வரவில்லை என்று நேற்று இரவு சொன்னார்.

அவர் 1991-இல் இறந்துவிட்டார். அவருடைய பேரன் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், இதுவரை பேசியதில்லை. இன்று காலை தொலைபேசியில் அழைத்து, நான் யார் என்று சொல்லி, தகரப் பெட்டியில் கிடைத்த படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் வீட்டில் அதே படம் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். தந்தையும் உடன் வருகிறேன் என்கிறார்.